மதங்கள் இணக்கத்தை எப்படிப் பார்க்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத நல்லிணக்கம் பற்றிப் பேச்சு வந்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. குழம்பிப்போய்க் கேட்பவர்களும் உண்டு, கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு. இரண்டு வகையையும் கேட்டவர்கள் சொன்னபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த மதத்தின் சார்பிலும் நான் பேசவில்லை. அந்தந்த மரபின் நூல்களும் வரலாறும் சொல்வதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

மத நல்லிணக்கம்னா என்ன? சண்டை போடாம இருந்தாலே போதாதா?

சண்டை இல்லாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் தாங்காது. ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமலே பல தலைமுறை பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்துவிடலாம். ஒரு வதந்தி கிளம்பினால் அந்த அமைதி ஒரே நாளில் உடையும். ‘இது உண்மையா?’ என்று கேட்க அந்தப் பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த 12ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு இதை நேராகவே சொல்கிறது. இணக்கமே நல்லது, பிறர் சமயக் கருத்துகளைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்கிறது. தன் சமயத்தின் மேல் உள்ள பற்றினால் பிறர் சமயத்தைத் தூற்றுபவர் தன் சமயத்துக்கே கேடு செய்கிறார் என்றும் எச்சரிக்கிறது. குர்ஆன் 49:13 வசனமோ, மனிதர்கள் பல இனங்களாகவும் குலங்களாகவும் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்கிறது. இரண்டும் எதிர்பார்ப்பது அறிமுகத்தை. சும்மா ஒதுங்கி இருப்பதை அல்ல.

எல்லா மதமும் ஒண்ணைத்தானே சொல்லுது? அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு?

எல்லாம் ஒன்றைச் சொல்லவில்லை. உலகைப் படைத்த ஒரே கடவுள் உண்டு என்கிறது இஸ்லாம். படைத்தவர் என்று யாருமே இல்லை என்கிறது சமணம். இயேசு கடவுளின் மகன் என்பது கிறிஸ்தவத்தின் உயிர்நாடி. யூதமும் இஸ்லாமும் அதை ஏற்பதில்லை. மறுபிறவி சில மரபுகளுக்கு அடிப்படை, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. இவை மேலோட்டமான வேறுபாடுகள் என்று சொல்வது, அந்த நம்பிக்கைக்காக உயிரையே கொடுத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றவர்களின் கதையை இந்த இடத்தில் பலரும் எடுத்துப் போடுவார்கள். பௌத்தத்தின் உதான நூலில் அந்தக் கதை இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாரும் சரி என்று முடிவதில்லை. ஒரு பகுதியை மட்டும் தொட்டுவிட்டு முழுதும் தெரிந்ததுபோல் அடித்துக்கொள்கிறார்களே என்பதுதான் புத்தர் காட்டும் குறை. கதையின்படி முழு யானையைக் கண்ட ஒருவர் இருக்கிறார்.

என் கருத்து இது: எல்லாம் ஒன்று என்று நம்பினால்தான் இணக்கம் வரும் என்றால் அது வராமலே போகும். ஒவ்வொரு மரபும், தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலேயே, மற்றவரோடு இணங்கி வாழத் தனக்கென்று ஒரு காரணம் வைத்திருக்கிறது. அந்தக் காரணங்களைத் தேடித் தெரிந்துகொள்வதில்தான் பயன் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தத் தேடல்தான்.

இந்து மதத்தில் இதுக்கு என்ன ஆதாரம்?

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ரிக் வேதம் 1.164.46: உள்ளது ஒன்றே, அறிஞர்கள் அதைப் பலவாறு சொல்கிறார்கள். ரிக் வேதத்தின் கடைசிப் பாடல் (10.191) அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சேர்ந்து நடங்கள், சேர்ந்து பேசுங்கள், உங்கள் மனங்கள் ஒத்திருக்கட்டும் என்று அந்தப் பெரிய தொகுப்பு முடிகிறது. எனக்கு இந்தப் பாடல்தான் இன்னும் பிடிக்கும். கொள்கையைப் பேசாமல் கூடி நடப்பதைப் பேசுகிறது.

கீதை 4.11, யார் எந்த வழியில் வந்தாலும் அந்த வழியிலேயே ஏற்பதாகச் சொல்கிறது. ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்றார் திருமூலர். சைவ சித்தாந்தத்தில் சிவஞான சித்தியார் ‘யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்’ என்கிறது. இதே நூல் இன்னொரு பகுதியில் பிற சமயங்களை வரிசையாக எடுத்து மறுக்கவும் செய்கிறது. மறுப்பும் ஏற்பும் ஒரே ஆசிரியரிடம் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

இஸ்லாத்தில் மற்ற மதத்துக்காரங்களுக்கு இடம் உண்டா?

உண்டு. மார்க்கத்தில் கட்டாயம் இல்லை (2:256) என்ற வசனம் பலருக்கும் தெரியும். அதைவிட ஆழமானது 5:48. இறைவன் நாடியிருந்தால் உங்கள் எல்லாரையும் ஒரே சமுதாயமாக்கியிருப்பான். தந்ததைக் கொண்டு உங்களைச் சோதிக்கவே இப்படி வைத்தான். ஆகவே நற்செயல்களில் போட்டியிடுங்கள் என்கிறது. பன்மை தவறுதலாக நேர்ந்ததல்ல, இறைவன் விருப்பத்துக்கு உட்பட்டது என்பது இதன் பொருள். யார் சொன்னது சரி என்ற தீர்ப்பை இறைவன் கையில் விட்டுவிடுகிறது.

பிறர் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள் என்று 6:108 தடுக்கிறது. மதத்துக்காக உங்களோடு போரிடாதவர்களிடம் நன்மையும் நீதியும் காட்டுவதை இறைவன் தடுக்கவில்லை என்கிறது 60:8. நபிகள் 622இல் மதீனாவுக்கு வந்தபின் உருவான உடன்படிக்கையில், யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்ற வாசகம் இருக்கிறது.

‘நானே வழி’ன்னு இயேசு சொல்லியிருக்காரே, கிறிஸ்தவங்க எப்படி மத்த மதத்தை மதிப்பாங்க?

யோவான் 14:6 இல் அந்த வாக்கு இருக்கிறது. கிறிஸ்தவர்கள் அதை நம்புகிறார்கள். நம்பாதது போல் நடிக்கத் தேவையில்லை. அதே இயேசு, யூதர்களுக்கு ஆகாதவனாகக் கருதப்பட்ட ஒரு சமாரியனை நல்ல அயலானுக்கு உதாரணமாகக் காட்டினார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மதத் தலைவர்கள் இருவர் கண்டும் ஒதுங்கிப் போக, சமாரியன்தான் நின்று உதவினான். பலிபீடத்தருகே காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்பதும் (மத்தேயு 5:23–24) அவர் போதனைதான். வழிபாட்டைக்கூட நிறுத்திவைக்கச் சொல்லும் அளவுக்குச் சமாதானம் முக்கியம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபர் 28 அன்று, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், ‘நோஸ்ட்ரா ஏட்டாட்டே’ என்ற அறிக்கையை வெளியிட்டது. பிற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அது சொன்னது. கிறிஸ்துவை அறிவிக்கும் கடமை தனக்கு உண்டு என்பதையும் அதே பத்தியில் சொன்னது.

யூத மதம் தங்களுக்கு மட்டும்னுதானே இருக்கு?

அப்படித் தோன்றலாம். யூதச் சட்டங்கள் யூதருக்கானவை. மற்றவர்கள் யூதராக வேண்டும் என்று அந்த மரபு கேட்பதில்லை. எல்லா இனத்திலும் உள்ள நல்லோருக்கு வரும் உலகில் பங்குண்டு என்ற கருத்தும் அதில் உண்டு. யாரையும் மாற்றத் தேவையில்லை என்பதே ஒரு வகை இணக்கம்.

நடைமுறையில் என்ன செய்வது என்பதையும், யூத ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத் சொல்கிறது. கித்தின் 61அ பகுதியில், யூத ஏழைகளோடு பிற இன ஏழைகளையும் தாங்க வேண்டும், அவர்கள் நோயாளிகளையும் போய்ப் பார்க்க வேண்டும், இறந்தவர்களையும் அடக்கம் செய்ய வேண்டும், ‘சமாதானத்தின் வழிகளுக்காக’ என்று இருக்கிறது.

பௌத்தமும் சமணமும் அகிம்சை மதங்கள்தானே, ரெண்டும் ஒரே மாதிரிதானே?

அகிம்சையில் நெருக்கம், வழியில் வேறுபாடு. சமணத்தின் தனிச் சிறப்பு அநேகாந்தவாதம். எந்தப் பொருளுக்கும் பல பக்கங்கள் உண்டு. ஒரு கூற்று ஒரு கோணத்திலிருந்து மட்டுமே உண்மை என்ற அளவோடுதான் பேச வேண்டும் என்பது அது. பர்யூஷணம் என்ற ஆண்டு நோன்பின் முடிவில், தெரிந்தோ தெரியாமலோ செய்த தீங்குக்கு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பதும் சமணரின் வழக்கம். ‘மிச்சாமி துக்கடம்’ என்று சொல்லிக் கேட்பார்கள்.

பௌத்தம் மனத்திலிருந்து தொடங்குகிறது. பகை பகையால் தணியாது, பகையின்மையால்தான் தணியும் என்கிறது தம்மபதம். உபாலி என்ற செல்வர் சமண மரபை விட்டுப் புத்தரிடம் வந்தபோது, அவசரப்படாமல் நன்றாக ஆராய்ந்து பார் என்றுதான் புத்தர் முதலில் சொன்னார். அவர் உறுதியாக இருந்ததும், இத்தனை காலம் உன் வீட்டு வாசலுக்கு வந்த சமணத் துறவியருக்கு இனியும் பிச்சை கொடு என்றார். இது மஜ்ஜிம நிகாயத்தில் (56ஆம் சுத்தம்) உள்ளது. போட்டி மரபிலிருந்து ஆள் வந்ததைக் கொண்டாடாமல், அந்த மரபின் சோற்றைக் காத்தார்.

சீக்கிய மதத்தை இந்தப் பேச்சில் ஏன் எல்லாரும் இழுக்கிறாங்க?

அதன் வேதத்திலேயே பதில் இருக்கிறது. 1604இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தில் சீக்கிய குருமார் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாஸ், முஸ்லிம் சூஃபியான ஷேக் ஃபரீத் ஆகியோர் பாடல்களும் உள்ளன. பிற மரபினர் குரலையும் வேதமாகவே வணங்குகிறார்கள். அன்றாட வேண்டுதலான அர்தாஸ், எல்லாருக்கும் நன்மை வேண்டி முடிகிறது.

ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1675இல் தில்லியில் கொல்லப்பட்டார். காஷ்மீரப் பண்டிதர்கள் தங்கள் சமயத்தைக் காக்க உதவி கேட்டதால் அவர் உயிரைத் தந்தார் என்பது சீக்கிய மரபு. குரு நானக் பூணூலை மறுத்தவர். அவர் வழி வந்தவர், தாம் அணியாத பூணூலை மற்றவர் அணியும் உரிமைக்காக இறந்தார். இணக்கத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கடவுளைப் பேசாத மரபுகள் என்ன சொல்லுது?

கன்ஃபூசியஸ் மரபுக்கு இணக்கம்தான் மையம். மேன்மக்கள் இணங்குவார்கள், ஒன்றாகிவிடமாட்டார்கள், சிறியோர் ஒன்றுபோல் இருப்பார்கள், இணங்கமாட்டார்கள் என்கிறது அவர் உரைத்தொகுப்பு (13.23). இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். தாவோ மரபு, மனிதர் இயற்கையின் போக்கோடு மல்லுக்கட்டாமல் இருப்பதை முன்வைக்கிறது. வற்புறுத்தல் குறைந்தால் பூசலும் குறையும் என்பது அதன் நம்பிக்கை.

எல்லா மதத்தையும் சேர்த்து ஒண்ணாக்கிட்டா பிரச்சினையே இல்லையே?

அந்த ஆசை பழையது. அக்பர் 1575இல் ஃபதேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்ற விவாத மன்றம் அமைத்துப் பல மதத்தாரையும் பேசவைத்தார். பின்னர் அவரைச் சுற்றி உருவான, பல மதக் கருத்துகளைக் கலந்த தீன்-இ-இலாஹி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. எல்லாத் தூதர்களும் ஒரே இறைவனின் தொடர் வெளிப்பாடுகள் என்று பஹாவுல்லா (1817–1892) போதித்ததிலிருந்து பஹாய் மதம் வந்தது. வள்ளலார் 1865இல் சங்கம் தொடங்கி, சாதி சமய வேறுபாடுகளையே தள்ளிவிட்டு, உயிர்களிடத்துக் கருணையை வழியாக வைத்தார்.

இவை உயர்ந்த முயற்சிகள். ஆனால் மற்ற மதங்களை எல்லாம் தனக்குள் கரைத்த ஒன்றாக எதுவும் நிற்கவில்லை. தனித்தனி வழிகளாகவே நின்றன. பலரையும் ஒன்றாக்க நினைப்பவர்கூடப் பலரோடு சேர்ந்துதான் வாழ வேண்டியிருக்கிறது.

‘நீங்களும் எங்க கடவுளைத்தான் வேற பேர்ல கும்பிடுறீங்க’ன்னு சொல்றது பெருந்தன்மைதானே?

சொல்பவருக்குப் பெருந்தன்மை. கேட்பவருக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள். மேலே சொன்ன சித்தியார் வரி இந்த வகைதான். பிற தெய்வங்களை வணங்குவோரும் முறை தவறி என்னையே வணங்குகிறார்கள் என்ற கீதை 9.23ம் அப்படித்தான். 20ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர், பிற மதங்களில் உள்ள நல்லோரைப் ‘பெயரறியாக் கிறிஸ்தவர்கள்’ என்றார். ஒரு பௌத்தரிடம் போய் ‘நீ உனக்கே தெரியாமல் கிறிஸ்தவன்’ என்றால் அவர் மகிழ்வாரா? ஒரு முஸ்லிமிடம் ‘நீ கும்பிடுவதும் சிவனைத்தான்’ என்றால்?

இந்தக் கருத்துகளுக்கு மதிப்பு உண்டு. தன் மரபுக்குள் நின்றுகொண்டு மற்றவரைத் தள்ளாமல் இருக்க அவை உதவுகின்றன. அதனால் அவற்றை உங்கள் மனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவரிடம் பேசும்போது, அவர் யாரை வணங்குகிறார் என்பதை அவரே சொல்லட்டும்.

புனித நூல்களில் கொடூரமான வரிகளும் இருக்கே, அதை ஏன் மறைக்கிறீங்க?

மறைக்கக் கூடாது. யோசுவா நூலில் நகரங்களை அழிக்கும் கட்டளைகள் உள்ளன. குர்ஆன் 9:5 போரைப் பேசுகிறது. யோவான் நற்செய்தியின் சில வரிகளை நூற்றாண்டுகளாக யூதருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். தேவாரத்தில் சமணரையும் பௌத்தரையும் இழித்துப் பாடும் வரிகள் உண்டு. இலங்கைப் பௌத்த வரலாற்று நூலான மகாவம்சத்தில், போரில் விழுந்த உயிர்களை எண்ணி மன்னன் துட்டகைமுனு கலங்கும்போது, அரகந்தர்கள் என்ற ஞானம் பெற்ற துறவிகள் வந்து அங்கே இறந்தவர்களில் ஒன்றரை மனிதர் மட்டுமே உண்டு, மற்றவர்கள் விலங்குக்கு ஒப்பானவர்கள் என்று தேற்றுகிறார்கள். பகையின்மையைப் போதித்த மரபிலிருந்தா இது என்று நெஞ்சு கனக்கிறது. அந்த மனப்போக்கின் விலையை நம் காலத்திலும் மனிதர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வரிகளை என்ன செய்வது என்பதை மரபுகள் தாமே யோசித்திருக்கின்றன. குர்ஆனில் அடுத்த வசனமே (9:6), இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் அடைக்கலம் தந்து, பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் விடச் சொல்கிறது. பழைய இனங்கள் எல்லாம் கலந்துபோய்விட்டன, யார் எவர் என்று இன்று சொல்ல முடியாது என்று தால்முத்துக்கு அடிப்படையான மிஷ்னா (யாதாயிம் 4:4), சில இனத்தார் யூதரோடு சேரக் கூடாது என்ற பழைய விலக்கையே செயலற்றதாக்கியது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1543இல் யூதர்களைப் பழித்து எழுதியவற்றை, அமெரிக்க இவாஞ்சலிக்கல் லூத்தரன் திருச்சபை 1994இல் வெளிப்படையாக நிராகரித்தது. அடுத்த மதத்தின் கடுமையான வரியைக் காட்டும் முன் உங்கள் மரபில் உள்ளதைப் படித்துவிட்டு வாருங்கள். உரையாடல் தானாகவே நிதானமாகும்.

மதம் மாத்த வர்றவங்களோட எப்படி இணக்கமா இருக்கிறது?

ஒருவர் தன் நம்பிக்கையை எடுத்துச் சொல்வதும், மற்றவர் கேட்டு மாறுவதும் உரிமை. 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம், 18ஆம் பிரிவில், மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. சிக்கல் வருவது ஆசை காட்டுவதிலும் அச்சுறுத்துவதிலும் இழிவுபடுத்துவதிலும்தான்.

2011இல் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் மத உரையாடல் அமைப்பு, உலக இவாஞ்சலிக்கல் கூட்டணி மூன்றும் சேர்ந்து, கிறிஸ்தவச் சாட்சியம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டன. ஏமாற்று, வற்புறுத்தல், பொருளாசை காட்டல் எல்லாம் நற்செய்திக்குத் துரோகம் என்பது அதன் சாரம். புத்தர் உபாலியிடம் காட்டிய நிதானமும் இதற்குப் பொருந்தும். உங்கள் பக்கம் ஒருவர் வரும்போது அவர் விட்டுவரும் மக்களை எப்படி நடத்துகிறீர்கள்? அங்கேதான் உங்கள் எண்ணம் தெரியும்.

பிற மத வழிபாட்டில் கலந்துக்கலாமா? கலந்துக்கலைன்னா தப்பா நினைப்பாங்களே?

மரியாதையாக உடன் இருப்பது வேறு, சேர்ந்து வழிபடுவது வேறு. 1986 அக்டோபர் 27 அன்று இத்தாலியின் அசிசியில் போப் இரண்டாம் யோவான் பவுல் அழைத்த அமைதி நாளில் பல மதத் தலைவர்கள் கூடினார்கள். ஒரே பிரார்த்தனையைச் சேர்ந்து சொல்லவில்லை. ஒவ்வொரு மரபினரும் தத்தம் முறைப்படி பிரார்த்திக்க, மற்றவர்கள் உடனிருந்தார்கள். அதையே கலப்படம் என்று கண்டித்தவர்களும் உண்டு.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதை உங்கள் மரபும் மனச்சான்றும் சொல்லட்டும். ‘இது எனக்கு முடியாது, ஆனால் உங்களோடு இருக்க விரும்புகிறேன்’ என்று நேராகச் சொன்னால் பக்தி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் புரியும். அவர்களுக்கும் இப்படி எல்லைகள் இருக்கின்றன.

ஒரே மதத்துக்குள்ளேயே அடிச்சுக்கிறாங்க, முதல்ல அதைச் சரி பண்ண வேண்டாமா?

வேண்டும். புத்தர் காலத்தில் கோசம்பி நகரில் ஒரு சிறிய ஒழுக்க விதிக்காகப் பௌத்தத் துறவிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். புத்தர் சொல்லியே கேட்காதபோது அவர் காட்டுக்குப் போய்விட்டார். ஊர் மக்கள் பிச்சையிடுவதை நிறுத்தியபின்தான் துறவிகள் இறங்கிவந்தார்கள். சாதாரண மக்கள் உறுதியாக இருந்தால் மதவாதிகளின் பூசலை முடிக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு யூத அறிஞர்களின் பள்ளிகள் மூன்று ஆண்டு வாதாடியதைத் தால்முத் (எருவின் 13ஆ) சொல்கிறது. இரண்டும் வாழும் கடவுளின் சொற்களே, ஆனால் சட்டம் ஹில்லேல் வழிப்படி என்று வானிலிருந்து ஒரு குரல் வந்ததாம். ஏன்? அவர்கள் சாந்தமானவர்கள். எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்னால் சொன்னார்கள்.

தப்பைத் தப்புன்னு சொன்னா இணக்கம் கெட்டுடுமா?

கெடாது. முதல் பதிலில் சொன்ன அசோகர் கல்வெட்டு விமர்சனத்தை முழுதாகத் தடுக்கவில்லை. காரணமின்றிப் பழிக்காதே, காரணம் இருந்தாலும் அளவோடு பேசு என்கிறது. மதத்தின் பெயரால் ஒருவர் ஒடுக்கப்படும்போது இணக்கத்தைக் காட்டி வாயடைப்பது அநியாயம். வாயடைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் அந்த மதத்திலேயே வலுவற்றவர்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவங்களுக்கு இதில் என்ன வேலை?

நிறைய. ‘இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்’ என்ற குறளுக்குக் கடவுள் நம்பிக்கை தேவையில்லை. உனக்கு வெறுப்பானதைப் பிறருக்குச் செய்யாதே என்று ஹில்லேலும் கன்ஃபூசியஸும் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். 1993இல் சிக்காகோவில் கூடிய உலக மதங்களின் மாநாடு ஓர் உலகளாவிய நெறிப் பிரகடனத்தை வெளியிட்டபோது, இந்த விதியைத்தான் அடிப்படையாக எடுத்தது.

தலைவர்கள் அறிக்கை விடுறதால என்ன மாறப்போகுது?

அறிக்கை மட்டும் எதையும் மாற்றாது. ஆனால் தன் மரபில் தனியாக நின்று இணக்கம் பேசுபவருக்கு அது கைப்பிடி. 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடலும், 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் போப் பிரான்சிஸும் எகிப்தின் இஸ்லாமியக் கல்வி நிலையமான அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிபும் ஒப்பமிட்ட மானுட சகோதரத்துவ ஆவணமும் அப்படிப்பட்டவை. ‘உன் மதம் இதை அனுமதிக்கிறதா?’ என்று யாராவது மிரட்டினால் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே ரெண்டு மதம் வந்துட்டா? கல்யாணம் பண்ணிக்கப் போறோம்.

காதலிக்கும்போது பெரும்பாலும் பேசாமல் விடும் கேள்வி, பிள்ளைகளை எந்த வழியில் வளர்ப்பது என்பது. மதங்களோ அதைத்தான் முதலில் கேட்கின்றன. கத்தோலிக்கச் சட்டம் (விதி 1125), குழந்தைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்கு அளிக்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கர் உறுதி தர வேண்டும் என்றும், அதை இணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மரபு வழிப்பட்ட இஸ்லாமியச் சட்டம் முஸ்லிம் ஆண் யூத, கிறிஸ்தவப் பெண்ணை மணக்க அனுமதிக்கிறது. முஸ்லிம் பெண்ணுக்கு அந்த அனுமதி தருவதில்லை. பழமை பேணும் யூதர்கள் கலப்புத் திருமணத்தை ஏற்பதில்லை.

இரு பக்க விதிகளையும் அந்தந்த மதத்தில் விஷயம் தெரிந்தவரிடம் நேரில் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர், சடங்குகள், விரதம், இறுதிச் சடங்கு பற்றிய முடிவுகளைத் திருமணத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதாக முடிவு வந்தால், அந்த இடத்தில் நிறுத்தி மறுபடியும் பேசுங்கள்.